பெயர் பெற்ற பெண்மணி மேரி ஆனிங்

உயிரியல் வகுப்பில் நம்மை மிரள வைப்பவை அறிவியல் பெயர்கள். மாமரம் என்றால் மாஞ்சிஃபெரா இண்டிகா. மயில் என்றால் பாவோ கிறிஸ்டேட்டஸ். ஊர்க்குருவி என்றால் பாசர் டொமெஸ்டிகஸ். தேர்வுக்கு முந்திய இரவில் உருப்போட்டு, தேர்வு முடிந்த மாலையே மறந்துவிடும் பெயர்கள் இவை. ஆனால் இப்படிப்பட்ட பெயர்கள் சிலவற்றுக்குள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களாலான பெயரைச் சூட்டும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1753-இல் தாவரங்களுக்கும் 1758-இல் விலங்குகளுக்கும் அவர் அம்முறையைக் கையாண்டார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். மொழியோ லத்தீன். முன்னாளில் நம் ஆலயங்களில் திருப்பலியின்போது ஒலித்த அதே லத்தீன்தான். இரண்டாம் சொல் சில வேளைகளில் நிறத்தைச் சொல்லும். சில வேளைகளில் ஊரைச் சொல்லும். சில வேளைகளில் மட்டும் ஒரு மனிதரைப் பெருமைப்படுத்தும். அவ்வாறு பெருமைப்படுத்தும்போது, அவர் ஆணானால் பெயரின் ஈற்றில் இகர ஒலி சேரும். பெண்ணானால் ஏகார ஒலி சேரும். நம் தமிழில் வந்தான் என்பதற்கும் வந்தாள் என்பதற்கும் ஓர் எழுத்துத்தானே வேறுபாடு? அதே போலத்தான் இதுவும். தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வது வழக்கமில்லை. பிறர் மனமுவந்து அளித்தால்தான் உண்டு.

அந்த ஓரெழுத்துப் பெருமையைப் பெற ஓர் ஏழைப் பெண் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போகும் வரலாறு.

இடியிலே பிழைத்த குழந்தை

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1799-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மேரி ஆனிங் பிறந்தார். தந்தை ரிச்சர்டு ஆனிங் தச்சர். பெற்றோருக்குப் பல குழந்தைகள் பிறந்தும், வளர்ந்து ஆளானவர்கள் ஜோசப்பும் மேரியும் ஆகிய இருவர் மட்டுமே. மேரிக்கு முன்பே அவ்வீட்டில் இன்னொரு மேரி இருந்தாள். அந்தச் சிறுமி நான்கு வயதில் ஆடையில் தீப்பற்றி இறந்துபோக, அவளுடைய பெயரையே அடுத்துப் பிறந்த மகளுக்கு இட்டார்கள். தம் பெயரைக்கூட மறைந்துபோன அக்காளிடமிருந்து கடனாகப் பெற்றவர் இவர்!

1800-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் ஊரில் ஒரு வேடிக்கைக் காட்சி நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் கைக்குழந்தையாயிருந்த மேரியைத் தூக்கிக்கொண்டு அதைக் காணச் சென்றார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கியவர்கள் மேல் இடி விழுந்தது. குழந்தையை வைத்திருந்த பெண் உட்பட மூவர் அங்கேயே மாண்டனர். குழந்தை மட்டும் பிழைத்தது.

தந்தை காட்டிய கல்

லைம் ரீஜிஸ் ஊரை ஒட்டிய கடற்கரை முழுவதும் செங்குத்தான பாறைச் சரிவுகள். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை கடலடிச் சேறாக இருந்தவை. அந்தச் சேற்றில் அமிழ்ந்து மாண்ட உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் காலப்போக்கில் கல்லாக மாறின. பாசில் என்றும் புதைபடிவம் என்றும் நாம் பாடத்தில் படிப்பவை இவைதாம். நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலும் பண்டைக் கடலில் வாழ்ந்த சுருள்வடிவச் சங்கினங்கள் இவ்வாறே கல்லாகிக் கிடக்கின்றன.

ஓய்வு நேரங்களில் ரிச்சர்டு ஆனிங் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கரைக்குச் செல்வார். சுருண்ட கற்களைப் பொறுக்கித் தேய்த்து மெருகேற்றி, காற்று வாங்க வரும் செல்வர்களுக்கு விற்பார். பாம்பு சுருண்டு கல்லானது என்று நம்பிய மக்கள் அவற்றைப் பாம்புக்கல் என்று அழைத்தனர். கல்லைக் கண்டெடுப்பதும், உளியால் பக்குவமாகப் பிரித்தெடுப்பதும் மேரிக்குத் தந்தை கற்றுத்தந்த பாடங்கள்.

அத்தந்தை 1810-இல் காலமானார். பாறைச் சரிவில் விழுந்த காயமும் காசநோயும் சேர்ந்து 44 வயதில் அவரைக் கொண்டுபோயின. அவர் விட்டுச் சென்றது 120 பவுன் கடன். மேரிக்கு அப்போது வயது 11. ஊர்த் தருமப் பணத்தை வாங்கி உண்ணும் நிலைக்குக் குடும்பம் வந்தது. ஞாயிறு மறைப்பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதைத் தவிர மேரிக்கு வேறு கல்வியும் இல்லை. பிழைக்க வழி? தந்தை காட்டிய கல்லே வழி.

பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கண்டுபிடிப்பு

1811-இல் அண்ணன் ஜோசப், பாறையில் நான்கடி நீளமுள்ள பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டான். உடல் எங்கே? அவன் மெத்தையிருக்கை செய்யும் தொழில் பழகப் போய்விட்டதால் தேடும் பொறுப்பு தங்கை மேல் விழுந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, புயலும் அலையும் பாறையை அரித்த பிறகு, எஞ்சிய எலும்புகளை மேரி கண்டுபிடித்தாள். கூலியாட்களை வைத்து அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். முழு நீளம் 17 அடி!

முதலையோ என்று ஊரார் எண்ணினர். ஆனால் அது முதலையன்று. உலகில் இன்று எங்குமே இல்லாத கடல் ஊர்வன. மீன் போன்ற உடலும் பல்லியினத்து எலும்புகளும் உடையதாகையால் அதற்கு மீன்பல்லி என்னும் பொருள்பட இக்தியோசாரஸ் என்று பின்னர்ப் பெயரிட்டனர். படைக்கப்பட்ட உயிரினம் ஒன்று அடியோடு அழிந்துபோகுமா என்று கற்றவர்களே ஐயுற்றிருந்த காலம் அது. அந்த ஐயத்தை அகற்றிய சான்றுகளுள் இவ்வெலும்புக்கூடும் ஒன்று.

ஹென்லி என்ற நிலக்கிழார் இதை 23 பவுனுக்கு வாங்கினார். பின்னர் அது இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1819-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 45 பவுனுக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. இதற்கிடையே 1814 முதல் சர் எவரார்டு ஹோம் என்ற அறுவை மருத்துவர் இதைப் பற்றி ஆய்வுரைகள் எழுதினார். அந்த உரைகளில் கண்டெடுத்த குடும்பத்தின் பெயர் இடம்பெறவேயில்லை.

கழுத்து நீண்ட விலங்கும் கலங்கிய அறிஞரும்

புதைபடிவம் தேடுவது பூப்பறிக்கும் வேலையன்று. குளிர்காலத்தில் புயலடித்துச் சரிவு இடிந்தால்தான் புதிய பாறை வெளிப்படும். அடுத்த கடலேற்றம் அதை அடித்துச் செல்லுமுன் எடுத்தாக வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் பாறை எந்நேரமும் விழலாம். 1833-இல் அவ்வாறு விழுந்த ஒரு சரிவு, எப்போதும் உடன்வரும் டிரே என்ற செல்ல நாயை அவர் கண்ணெதிரே கொன்றது. நூலிழையில் உயிர் தப்பினார் மேரி.

1820-இல் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களையே விற்கும் அளவுக்கு வறுமை முற்றியது. அப்போது கர்னல் பர்ச் என்ற நல்லவர் ஆனிங் குடும்பத்திடமும் பிறரிடமும் தாம் விலைக்கு வாங்கிச் சேர்த்திருந்த புதைபடிவங்களை இலண்டனில் ஏலமிட்டு, கிடைத்த 400 பவுனை அக்குடும்பத்துக்கே அளித்தார். அந்த உதவி அவர்களைத் தாங்கி நிறுத்தியது.

1823-ஆம் ஆண்டு டிசம்பரில் மேரி தம் மிகப் பெரிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். பிளீசியோசாரஸ் என்னும் விலங்கின் முழு எலும்புக்கூடு அது. சிறிய தலை, துடுப்பு போன்ற நான்கு கால்கள், மிக மிக நீண்ட கழுத்து! கழுத்தில் மட்டும் 35 முள்ளெலும்புகள். பிரான்சு நாட்டுப் பேரறிஞர் குவியே படத்தைப் பார்த்துவிட்டு, இப்படியும் ஒரு விலங்கு இருக்குமா, இரண்டு விலங்குகளின் எலும்புகளை ஒட்டிவைத்திருப்பார்களோ என்று ஐயுற்றார். அந்த ஐயம் நிலைத்திருந்தால் மேரியின் நற்பெயரும் போயிருக்கும். குடும்பத்தின் சோறும் போயிருக்கும். 1824-இல் இலண்டன் புவியியல் கழகத்தில் வில்லியம் கோனிபேர் என்ற அறிஞர் இவ்வெலும்புக்கூட்டைப் பற்றி உரையாற்றினார். பொய் ஏதுமில்லை என்பது தெளிவாயிற்று. குவியே தம் பிழையை ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த உரையிலும் மேரி ஆனிங் என்ற பெயர் இல்லை. கூட்டத்தில் அவரும் இல்லை. ஏனெனில் அக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. முதன்முதலாகப் பெண்கள் அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1919-இல்தான்!

கடையும் கல்வியும்

1826-இல் தம் சேமிப்பைக் கொண்டு கண்ணாடிச் சன்னலுடன் கூடிய ஒரு வீட்டையும் கடையையும் மேரி வாங்கினார். அயல்நாட்டு அறிஞர்களும் அங்கே தேடி வந்தனர். 1828-இல் அவர் கண்டெடுத்த பறக்கும் ஊர்வனவின் எலும்புகள், அவ்வினத்தில் ஜெர்மனிக்கு வெளியே கிடைத்த முதலாவதாகும். 1829-இல் சுறாவுக்கும் திருக்கைக்கும் இடைப்பட்டது போல் தோன்றும் வியத்தகு மீன் ஒன்று கிடைத்தது.

அவரை வெறும் கல் பொறுக்குபவர் என்று எண்ணிவிடக் கூடாது. நூல்களை வாங்க வசதியில்லாததால் ஆய்வுரைகளை இரவல் பெற்று, படங்கள் உட்படத் தம் கையாலேயே படியெடுத்து வைத்துக்கொண்டார். புதைபடிவங்களின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்காக மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்தார். இக்தியோசாரஸின் வயிற்றுப் பகுதியில் ஒருவகை உருண்டைக் கற்கள் கிடப்பதையும், அவற்றை உடைத்தால் உள்ளே மீன் முட்களும் செதில்களும் இருப்பதையும் கவனித்தார். அவை அந்த விலங்குகளின் கழிவு கல்லானவையே என்று ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பக்லாண்டு பின்னர் முடிவு கட்டினார். பன்னூறாயிரம் நூற்றாண்டுகளுக்கு முந்திய விலங்கு எதைத் தின்றது என்பதையே அதனால் அறிய முடிந்தது!

ஆயினும் அச்சில் ஏறியவை பெரும்பாலும் ஆடவர் பெயர்களே. விலங்கை விவரித்து எழுதியவருக்குப் புகழ். விலைக்கு வாங்கியவருக்கும் புகழ். பாறையில் கைகள் காய்த்துப்போக உழைத்தவருக்குக் கூலி மட்டும். உலகம் தம்மிடம் அன்பாக நடந்துகொள்ளவில்லை என்ற மனக்குறை மேரிக்கு உண்டு. அது பொய்யான குறையும் அன்று.

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. பக்லாண்டு பறக்கும் ஊர்வன பற்றிய தம் உரையில் மேரியின் பெயரைக் குறிப்பிட்டார். 1835 வாக்கில் தவறான முதலீட்டில் மேரி தம் சேமிப்பை இழந்தபோது, ஆண்டுக்கு 25 பவுன் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவரே. இளமை நண்பரான டி லா பேச், மேரியின் கண்டுபிடிப்புகளை வைத்துப் பண்டைக் கடலின் காட்சியை ஓவியமாக வரைந்து, அதன் படிகளை விற்ற பணத்தை அவருக்கே கொடுத்தார்.

முதற் பெயர்

லைம் ரீஜிஸில் எலிசபெத் ஃபில்பாட் என்ற பெண்மணி தம் சகோதரிகளுடன் வாழ்ந்துவந்தார். மேரியைவிட ஏறத்தாழ 20 வயது மூத்தவர்; வசதியான குடும்பம். ஏழைத் தச்சர் மகளோடு அவர் சேர்ந்து கடற்கரையில் அலைந்தார், படிக்கத் தூண்டினார். இருவரும் இறுதிவரை தோழியராயினர்.

1834-இல் சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் லூயி அகாசி அவ்வூருக்கு வந்தார். பண்டைக் கால மீன்களை ஆராய்ந்துவந்த அவருக்கு இவ்விரு பெண்களும் தங்களிடமிருந்த படிவங்களைக் காட்டி, எது எந்த மீனுடையது என்று விளக்கினர். அவர்களுடைய அறிவைக் கண்டு அகாசி வியந்தார். அவர் வியந்ததோடு நில்லாமல் நன்றியும் காட்டினார். இரண்டு மீன்களுக்கு அக்ரோடஸ் ஆனிங்கியே என்றும், பெலனோஸ்டோமஸ் ஆனிங்கியே என்றும் பெயரிட்டார். மூன்றாவதற்கு யூக்னாதஸ் ஃபில்பாட்டே என்று பெயரிட்டார். ஆனிங் என்னும் பெண்ணுக்குரியது, ஃபில்பாட் என்னும் பெண்ணுக்குரியது என்பதே இவற்றின் பொருள். ஈற்றிலே நிற்கும் அந்த ஏகாரம், இதைக் கண்டவர் பெண் என்று என்றென்றும் சாட்சி சொல்லுகிறது.

மேரி உயிரோடிருந்த காலத்தில் அவர் பெயரை ஓர் உயிரினத்துக்குச் சூட்டியவர் அகாசி ஒருவர்தாம்.

மறைவும் நினைவும்

மார்பகப் புற்றுநோயால் துன்புற்ற மேரி ஆனிங், 1847-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் 47 வயதில் மறைந்தார். லைம் ரீஜிஸ் புனித மிக்கேல் ஆலய வளாகத்தில் அவரை அடக்கம் செய்தனர். பெண்களைச் சேர்க்காத புவியியல் கழகத்தில், அப்போதைய தலைவரான டி லா பேச் அவருக்கு இரங்கலுரை ஆற்றினார். அத்தகைய மரியாதை அங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. கழகத்தார் பணம் திரட்டி 1850-இல் அவ்வாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றை அமைத்தனர். பசித்தோர்க்கு உணவளித்தல், தாகமுற்றோர்க்கு நீரளித்தல், நோயுற்றோரைச் சந்தித்தல் முதலிய இரக்கச் செயல்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன.

இனி, பெயரின் கதைக்கு வருவோம். 1888-இல் இக்தியோசாரஸ் பேரினத்தில் ஒரு சிற்றினத்துக்கு இக்தியோசாரஸ் கோனிபேரி என்று பெயரிட்டனர். அன்றைய உரையில் மேரியின் பெயரைச் சொல்லாமல் விட்ட அதே கோனிபேரின் நினைவாக இடப்பட்டது அது. ஈற்றிலே இகரம். அவரும் சிறந்த அறிஞர்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் இக்தியோசாரஸை உலகுக்குக் காட்டிய சிறுமியின் பெயர் அப்பேரினத்தில் எந்தச் சிற்றினத்துக்கும் இல்லை!

ஆண்டுகள் உருண்டன. இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் ஓர் இக்தியோசாரஸ் படிவம் வெறும் சுண்ணாம்புச் சாந்து வார்ப்பு என்று கருதப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2008-இல் டீன் லோமாக்ஸ் என்ற இளைஞர் அது உண்மையான புதைபடிவம் என்று கண்டார். ஜூடி மாசரே என்ற பெண் அறிஞருடன் சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அது தனிச் சிற்றினம் என்பது உறுதியாயிற்று. 2015-இல் இருவரும் அதற்கு இட்ட பெயர் இக்தியோசாரஸ் ஆனிங்கே. இன்று நூல்களில் கோனிபேரியும் ஆனிங்கேயும் ஒரே பேரினத்தின் கீழ் அக்காள் தம்பி போல அருகருகே நிற்கின்றன. மேரி மறைந்து 168 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த நீதி அது.

இன்னொரு செய்தியும் உண்டு. அவர் பிறந்த ஊரில் அவருக்குச் சிலை ஏதும் இல்லையே என்று கேட்டாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி. அவளும் அவள் தாயும் தொடங்கிய முயற்சிக்குப் பலர் காசு சேர்த்தனர். 2022-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், மேரியின் பிறந்தநாளன்று, வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கையில் சுத்தி, பக்கத்தில் டிரே, பாறையை நோக்கி நடக்கும் கோலம்!

நாம் கற்கும் பாடம்

அன்பு மாணவியரே! மேரி ஆனிங்கிடம் செல்வமில்லை, உயர்கல்வியில்லை, ஆதரவாகப் பேசப் பெரிய இடத்து உறவினருமில்லை. கூர்ந்து பார்க்கும் கண்ணும், சலியாத உழைப்பும், இரவல் நூலைப் படியெடுக்கும் ஆர்வமும் இருந்தன. அவை போதுமானவையாக இருந்தன. உழைப்புக்குரிய பெயர் உடனே வரவில்லையே என்று அவர் உளியைக் கீழே வைத்துவிடவில்லை.

அதே வேளையில் மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரை மறைத்தவர்கள் எல்லாரும் கொடியவர்களல்லர். பலர் வெறுமனே மறந்தவர்கள். நாமும் அவ்வாறு மறப்பதில்லையா? தோழியிடம் குறிப்பேடு வாங்கிப் படித்து முதல் மதிப்பெண் பெறுகிறோம். விழாவில் நடித்தவரைப் பாராட்டுகிறோம், மேடையைக் கூட்டிப் பெருக்கியவரை மறக்கிறோம். 1812-இல் அந்தப் பெரிய எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்த கூலியாட்களின் பெயர் இன்றுவரை எந்த ஏட்டிலும் இல்லை. பிறர் உழைப்பை அவர் பெயரோடு சொல்லுவது ஒரு நேர்மை. அகாசி செய்தது அதுதான்.

இனி உயிரியல் புத்தகத்தைத் திறக்கும்போது ஓர் அறிவியல் பெயரின் ஈற்றெழுத்தைச் சற்றே நின்று பாருங்கள். அங்கே ஓர் ஏகாரம் தெரிந்தால், புயலுக்குப் பின் கடற்கரையில் கூடையும் சுத்தியுமாக நடந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.